பொன்முடியில் நான் சேர்த்த கூட்டம்

தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டோம். கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் நானும் என் வீட்டுக்காரரும் பொன்முடிக்கு ஊழியத்துக்குப் போனோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வாணியம்பாடியில் நான் நடுநிலைப் பள்ளியிலிருந்தும் அவர் தபால் ஆபீசிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தோம். ஓய்வு பெற்ற தம்பதிகள் விரும்பினால் வெளியூர் ஊழியத்துக்குப் போகலாம் என்று சபையில் அறிவித்தார்கள். முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். (அவர் கையையும் நானே பிடித்துத் தூக்கினேன்.) பெங்களூரில் இருந்த மகன் போனில் சிரித்தான். "மலையிலயா? ரெண்டு மாசத்துல மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவீங்கம்மா" என்றான். பெற்ற பிள்ளையின் சிரிப்பு அவ்வளவு லேசில் மறக்காது.

திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்தான். அவர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். அதை லயம் என்பார்கள். லயத்துக்கு மேலே ஒரு சின்ன ஜெப ஆலயம், அதை ஒட்டி எங்களுக்கு ஓட்டு வீடு. எல்லாம் இருந்தது, ஆள்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவுமே சரியாக இருந்தது. நான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்வேன். என் வீட்டுக்காரரோ சாயங்காலமானால் லயத்துக்கு இறங்கிப் போய், யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து பாலில்லாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். "ஊழியத்துக்கு வந்தீங்களா, காப்பி குடிக்க வந்தீங்களா?" என்று திட்டுவேன்.

ஒருநாள் கீழே நகரத்திலிருந்த போதகரிடமிருந்து தகவல் வந்தது. வருகிற சனிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், ஆள் சேராவிட்டால் ஆலயத்தைப் பூட்டிவிட்டு எங்களை ஊருக்கு அனுப்பிவிடப் போவதாகவும் சொல்லியிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. தோற்றுப்போய் மகன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆலய முற்றத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்து மணியும் இதே ஜாதிதான். இத்தனை நாள் இதை அடிக்காமல் விட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன். சனிக்கிழமை, போதகரை அழைத்து வரக் காலை பஸ்ஸில் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம் மணி அடிக்கப்போவதைச் சொன்னேன். அவர், "எதுக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிம்மா" என்றார். கேட்பதா? நானா?

பள்ளிக்கூடத்து மணியில் ஒரு முறை உண்டு. கடகடவென்று அடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாக அடித்தால் எல்லோரும் வந்து கூட வேண்டும். மத்தியானம் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக அடித்தேன்.

அற்புதம் நடந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு மேட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக முற்றம் நிறைந்தது. ஆண்களில் சிலர் மண்வெட்டியோடு ஆலயத்துக்குப் பின்னால் போனார்கள். (போதகர் வருகிறாரென்று செடி கொடியை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.) மேஸ்திரி தங்கையா தன் வீட்டு பெஞ்சையே தலையில் சுமந்துகொண்டு வந்தார். இடம் போதாதென்று அவருக்கே தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப் போனேன்.

கொழுந்து பறிக்கும் ஞானப்பூ என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மனந்திரும்புகிறாள், அழட்டும் என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"சாரு எங்க டீச்சரே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கார். போதகர்தான் கூட வரார்."

"ஐயோ, பஸ்ஸுலயா? நம்ம எஸ்டேட் ஜீப்பு உண்டே, ஒரு வார்த்த பறஞ்சிருந்தா போதுமே!"

"அவருக்கு எதுக்கும்மா ஜீப்பு? பஸ்ஸே போதும்" என்றேன்.

ஞானப்பூவின் அழுகை இன்னும் கூடியது. நான் விடுவேனா? "இன்னைக்கு ஏன் அழறீங்க? நான் எத்தனை நாளா ஜெபம் பண்ணிக் காத்திருந்த நாள் இது! எல்லாரும் சந்தோஷமா ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று கை தட்டிப் பாட ஆரம்பித்தேன்.

யாரும் கூடப் பாடவில்லை. தங்கையா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தொரு விசுவாசம் பாத்தியா! நம்மளால இது ஒக்குமா?" என்றது என் காதில் விழுந்தது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. முதலில் போதகர் இறங்கினார். பின்னாலேயே, ஒரு கையில் குடையும் மறு கையில் காய்கறிப் பையுமாக என் வீட்டுக்காரர் இறங்கினார். ஞானப்பூ "யேசுவே!" என்று அலறிக்கொண்டு என் மேலேயே சாய்ந்தாள். கூட்டம் இரண்டடி பின்னால் போனது. இவர் பதறிப்போய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க தவறிட்டது?" என்று கேட்டார்.

தங்கையாதான் தயங்கித் தயங்கி, "சாருதான்" என்றார்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தண்டவாளத்தை நிறுத்தி நிறுத்தி அடித்தால் அந்தத் தோட்டத்தில் சாவு என்று அர்த்தம். வேறு எதற்கும் அதைத் தொடவே மாட்டார்கள். வெள்ளைப் புடவையில் டீச்சரே நின்று அடிக்கிறாள், சாரைக் காணவில்லை. வேறென்ன நினைப்பார்கள்? பெஞ்சு அவரைக் கிடத்துவதற்கு. மண்வெட்டி குழிக்கு. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. (பின்னால் அதற்குத் தோதாகப் பாதி பிளந்தும் வைத்திருந்தார்கள்.)

வேலையை விட்டு வந்தவர்கள் கோபப்பட்டிருக்கலாம். யாரும் கோபப்படவில்லை. ஒவ்வொருவராக வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். தோண்டிய குழியைச் சும்மா மூடக்கூடாது என்று ஞானப்பூ சொன்னதால் ஒரு வாழைத்தண்டை வெட்டி அதில் போட்டார்கள். முதல் பிடி மண்ணை அவரே போட்டார். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபம் பண்ணினார். பிறகு எல்லோரும் ஆலயத்துக்குள் வந்தார்கள், அன்றைக்குப் பெஞ்சில் இடம் இல்லை. ஆலயத்தைப் பூட்டும் பேச்சைப் போதகர் எடுக்கவே இல்லை.

அவர்கள் வரவில்லை வரவில்லை என்று நான் அத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். வந்து சில மாதமே ஆன ஒரு மனுஷனுக்காக அவர்கள் கூடையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடி வந்தார்கள். அது எனக்காகவோ என் பிரசங்கத்துக்காகவோ இல்லை, அவர் அவர்களோடு உட்கார்ந்து குடித்த காப்பிக்காக. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மறுநாள் சாயங்காலம் நானும் அவரோடு லயத்துக்கு இறங்கிப் போனேன். ஒத்துக்கொண்ட காலம் முடியும் வரை இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினோம்.

இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், அவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். முடிக்கும்போது என்னைப் பார்த்து, "என் சாவுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நான் உயிரோட பார்த்தாச்சு. உனக்கு யாரு வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்பார்.

"எனக்கும் வருவாங்க. மணி அடிக்க நீங்க இருக்கணும், அவ்வளவுதான்" என்பேன்.

அந்த இடத்தில் மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.