மரபணு மாப்பிள்ளை

காதலர்களில் எத்தனையோ வகை உண்டு. சோதனைக்கூடத்தில் மட்டுமே விளையும் ஒரு வகையை உங்களுக்குக் காட்டுகிறேன்: ஒரே ஒரு மரபணுவின் மேல் மையல் கொண்டவர். சிரிக்காதீர்கள், அவருக்கு மனைவியும் இருக்கிறார்.

எங்கள் கூடத்தில் அவர் பெயர் 'மாப்பிள்ளை'. உடம்பின் செல்லுக்கு, "வளர்ந்தது போதும், நிறுத்து" என்று வெளியிலிருந்து சேதி வரும். அதைச் சட்டைசெய்யாமல் வளர்ந்துகொண்டே போனால் புற்றுநோய். சேதியை உள்ளே கொண்டுசேர்க்கும் மரபணு எது? மாப்பிள்ளை ஒரு தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் செல்களை வளர்த்து, விளக்கை அணைப்பதுபோல் குழிக்கு ஒரு மரபணுவாக அணைத்து, எல்லாக் குழிகளிலும் நிறுத்தச் சொல்லும் மருந்தை விட்டுப் பார்த்தார். சில குழிகளில் செல்கள் முரண்டு பிடித்தன. ஒன்றில் மட்டும் தலைகால் புரியாத குதியாட்டம்! அங்கே அணைந்திருந்த மரபணுதான் பெண்.

அன்றிலிருந்து மச்சான் தும்மினாலும், பக்கத்து வீட்டு நாய் பெருத்தாலும், மனைவிக்கு முடி கொட்டினாலும், லிஃப்ட்டில் யாரோ ஏப்பம் விட்டாலும் அவருக்குக் காரணம் ஒன்றே. மேலாளர் சம்பள உயர்வை மறுத்தாரா?

"அவருக்கு என் ஜீன் ஓவரா வேலை செய்யுது. எதையும் உடனே நிறுத்திடறார்!"

பெரிய மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. அந்த மரபணுவை நம்பி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க ஒரு மருத்துவமனையே காத்திருந்தது. மேடையேறும் நேரத்தில் அவருடைய ஆய்வு மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டேன். உங்க ஜீனை அணைச்சாலும் செல் ஒழுங்கா நின்னுடுது."

"அப்ப அன்னிக்கு ஏன் வளந்துச்சு?"

"அன்னிக்கு எடுத்த தட்டோட படத்தைப் பாருங்க. மருந்தோட கலந்த சாயம் எல்லாக் குழியிலயும் இருக்கு, அந்த ஒண்ணுல மட்டும் காணோம். மருந்தே விழலை, சார்."

கல்யாணத்தன்று பெண் ஓடிப்போன சேதி கேட்டவர் முகம் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. "இப்போதைக்குப் பேசிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நான்தான் காதைக் கடித்தேன்.

"மருந்தை முழுங்கப் போறது நீயா?" என்று சீறிவிட்டு மேடையேறினார். அந்தப் படத்தையே திரையில் போட்டார். "இந்தக் குழியில மருந்து விழலை. இந்த ஜீனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். கண்டுபிடிச்சது என் மாணவி."

அரங்கம் திகைத்தது, சிரித்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் மருத்துவமனைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மாணவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். படியிறங்கும்போதே கண்ணில் பழைய மினுமினுப்பு. "ஏம்மா, அன்னிக்கு முரண்டு பிடிச்சதுல ரெண்டாவதா வந்த ஜீன் எது?"

வந்தது வினை. அந்த மரபணுவை எத்தனை முறை சோதித்தாலும் முடிவு மாறவில்லை. அசல் சேதிக்காரியே அவள்தான். இனி மாப்பிள்ளையைப் பிடிக்க முடியுமா?

"முன்னதோட இருந்தப்போ சாப்பிடவாவது வீட்டுக்கு வந்தாரு" என்கிறார் மனைவி.

போகட்டும். வீட்டில் எது நடந்தாலும் "எல்லாம் இந்த மொபைலால" என்றோ, "எல்லாம் அவங்க வளர்ப்பு" என்றோ தீர்ப்புச் சொல்கிற ஓர் ஆள் இந்நேரம் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். யாரை நினைத்துச் சிரிக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.