நானோ சாரும் எங்கள் மெஸ் கடிகாரமும்

சூரியன் தாமதமாக உதித்தால் அதனிடமும் விளக்கம் கேட்கக்கூடிய மனிதர் ஏற்காட்டில் ஒருவர் உண்டு. அவர் நானோ சார்.

ஒண்டிக்கடைப் பகுதியில் என் அம்மா நடத்தும் மெஸ்ஸின் மாடியறையில் குடியிருக்கிறார். செல்போன் டவர்களைப் பராமரிப்பது அவர் வேலை. வாயைத் திறந்தால் ‘நானோ செகண்டு’தான்; அதாவது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவர் அந்தப் பெயருள்ள சின்னக் கார் வாங்கப்போகிறார் என்று ஆட்டோ ஸ்டாண்டில் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கார் வரவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலக்கணப்படி ‘நானோ’ என்பதன் ஓகாரம் ஐயத்தைக் குறிக்கும். எங்கள் நானோ சாருக்கோ எதிலும் ஐயம் இருந்ததில்லை.

“செத்த இருங்க சார், தோசை வந்துருது” என்பார் அம்மா.

“செத்தன்னா எவ்வளவு நேரமுங்க?”

“செத்தன்னா செத்ததானுங்க. தோசைகிட்டயே கேட்டுக்கங்க.”

மாரமங்கலம் பஸ் தாமதமாக வந்த ஒரு நாள், ஏறியதும் டிரைவரிடம் காரணம் கேட்டார்.

“காட்டுமாடு குறுக்கால நின்னுச்சுங்க.”

“எத்தனை நொடி நின்னுச்சு?”

“அதுகிட்ட வாட்ச் இல்லீங்க சார்!”

பஸ் முழுவதும் சிரித்தது. நானோ சார் மட்டும் அந்தப் பதிலை ஒரு நியாயமான தொழில்நுட்பக் காரணமாக ஏற்றுக்கொண்டு அமர்ந்தார்.

தம் வேலையின் நுட்பத்தை அவர் எங்களுக்கு விளக்கியது நான்கு இட்லிகளைக் கொண்டு. டவர் அறையில் ஒரு கணினிப் பெட்டி. அதற்குள் நான்கு நெட்வொர்க் கார்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம்.

“இந்த மொத இட்லி சாட்டிலைட்டப் பாத்து டைம் வாங்கிக்கும். மத்த மூணும் இதப் பாத்துச் சரி பண்ணிக்கோணும். ஒண்ணு துளி பிசகுனாலும், ஒரு டவர் பேசறப்ப இன்னொண்ணு குறுக்க பேசும். போன் கட்டாயிரும்.”

“மொதல்ல அந்தச் சாட்டிலைட் இட்லியத் தின்னுங்க சார், ஆறிப்போவுது” என்றார் அம்மா.

இப்படிப்பட்டவருக்கே சோதனை வந்தது. கரடியூர்ச் சாலை வளைவில் எல்லோருடைய போன் பேச்சும் பாதியில் அறுந்தது. காப்பி வியாபாரிகள் விலை சொல்லும் முன்பே அறுந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லும் முன்பே அறுந்தது. மாதம் முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் சென்னைக்கு மாற்றல் என்று மேலிடம் எச்சரித்தது. நானோ சார் ஆன்டெனாவை மாற்றினார், கம்பிகளை மாற்றினார், பெட்டியையே கழற்றி மாட்டினார். பலனில்லை. தட்டில் பாதி இட்லியை மீதம் வைத்துவிட்டு எழத் தொடங்கினார். அது எங்களுக்குக் கலக்கமாக இருந்தது.

அதே நாட்களில் எங்கள் மெஸ் கடிகாரத்துக்கும் பித்துப் பிடித்திருந்தது. நான் சேலத்துக் கல்லூரிப் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று அம்மா அதை எப்போதும் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார். அண்மையில் அது தினமும் பின்தங்கியது. அம்மா தினமும் திருத்தினார். ஒரு நாள் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதென்று அதை நம்பி நிதானமாகச் சட்னி தொட்டுக்கொண்டிருந்த நான், பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே நுழைந்தால், ஸ்டூல்மேல் நானோ சார், கையில் கடிகாரம், எதிரே கரண்டியுடன் அம்மா.

“ஏனுங்க, தெனமும் இதப் பின்னால தள்ளுனது நீங்கதானா?” என்றார் அம்மா.

“முன்னால தள்ளுனது நீங்களா? கடியாரந்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு பேட்டரி மாத்திப்போட்டனுங்களே!”

“நல்லா மாத்துனீங்க போங்க! ஆளுக்கொரு பக்கம் இழுத்தா அதும் பாவம் என்னதான் பண்ணும்?”

நானோ சார் ஸ்டூல்மேலேயே உறைந்து நின்றார். பிறகு, “மூணாவது கார்டு!” என்று அலறியபடி குதித்து ஓடினார். ஒரு காலில் அவர் செருப்பு. மறுகாலில் என் அம்மாவின் செருப்பு.

மாலையில் திரும்பியவர் முழுச் சாப்பாடு கேட்டபோதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது கார்டின் கடிகாரத்தை முதல் கார்டோடு ஒத்துப்போகச் செய்ய ஏற்கெனவே ஒரு கணினி நிரல் இருந்திருக்கிறது. யாரோ, கூடுதல் துல்லியத்துக்கு ஆசைப்பட்டு, அதே கடிகாரத்தைத் திருத்த இரண்டாவது நிரலையும் ஓடவிட்டிருக்கிறார்கள். ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, நடுவில் கரடியூரின் கல்யாணப் பேச்சுகள் அறுந்திருக்கின்றன.

“அந்த ரெண்டாவத யாருங்க போட்டு வெச்சது?” என்று கேட்டார் அம்மா.

நானோ சார் ரசத்தைப் பார்த்தார். “அது… நானோ… என்னமோ…” என்று இழுத்தார்.

அந்த ஓகாரம் முதன்முறையாகத் தன் இலக்கணப் பொருளில் ஒலித்தது. அம்மா இன்னொரு அப்பளம் வைத்தார். மாற்றல் நின்றது. கடிகாரத்தைத் தொடமாட்டேன் என்று நானோ சார் தாமாகவே வாக்களித்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை நான் சாப்பிட வந்தபோது, அவர் மறுபடியும் ஸ்டூல்மேல் நின்றார். பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோயிருந்தது. போனைப் பார்ப்பதும், மூச்சை அடக்கி முள்ளை நகர்த்துவதும், மீண்டும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். என்னைக் கண்டதும் கள்ளத்தனமாக இறங்கினார்.

“சரியாப் பத்து நிமிசம் தப்பா வெச்சிருக்கறேன் கண்ணு. ஒரு நொடி கூடக் கொறையாது. நீ நிதானமாச் சாப்புட்டுப் போட்டுப் போ.”