பகடையில் பிறந்த கிராணிப் பேய்

பேயோட்டும் பாகான் சாமி வருகிறார் என்றதும் லகாட் வட்டாரத்தில் வேன் வாடகைக்குக் கிடைக்கவில்லை. ஈப்போவிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஏறினார்கள். தாப்பாவிலிருந்து ஒரு குடும்பம் சோறு கட்டிக்கொண்டு பாயோடு வந்து இறங்கியது. அவர்கள் வீட்டில் யாருக்கும் பேய் பிடிக்கவில்லை. பிடித்தவர்களைப் பார்க்க வந்தார்களாம். பேய்க்கும் ரசிகர்கள் வேண்டுமல்லவா?

அது 1983. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. பாதிப் பேர் ஈப்போவில் வேலைக்குப் போனார்கள். மீதிப் பேர் சீனத் தவுக்கே முதலாளி வாங்கிய துண்டில் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை போனார், ஆப்பீஸ் போனது. தொழிலாளர் லயத்து வீடுகளும் கோயிலும்தான் மிச்சம். அந்தக் கோயில் மைதானத்தில் ஞாயிறு தவறாமல் பேயோட்டம். இது மூன்றாவது ஞாயிறு.

சாமி பகலில்தான் பேய் ஓட்டுவார். அதற்குச் சாஸ்திரக் காரணம் எதுவும் இல்லை. அவர் ஊரான பாகான் டத்தோவுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். பேய்களும் பஸ் நேரத்தை அனுசரித்து நடந்துகொண்டன.

இந்த முறை பிடிபட்டிருப்பது சில்லறைப் பேய் அல்ல. கனகரத்தினம் கிராணி. இந்தத் தோட்டத்திலேயே இருபது வருஷம் கணக்கெழுதி, ரப்பர் பால் தொட்டியில் விழுந்து செத்தவர். செத்த பிறகும் விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கு வந்து பேர் கூப்பிடுகிறார் என்று ஊரே சொன்னது. சேவல் கூவியதைக் கேட்டுத் தூக்கத்தில் “இருக்கேங்க ஐயா!” என்று பதில் சொன்னவர்கள் இரண்டு பேர். அவரிடம் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு எழுதியவர்கள் நாற்பது பேர். ஒன்றும் விழவில்லை. கிராணி உயிரோடு இருந்தபோதும் கஞ்சன்தானாம்.

இத்தனை கூட்டத்திலும் ஒருவன் மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவன் சீனி. ஈப்போ டயர் பட்டறையில் வேலை செய்பவன். அவனுக்குப் பேய் பயம் கிடையாது. ஆனால் அந்தப் பேயைப் பெற்ற அப்பன் அவன்தான்.

நடந்தது இதுதான். ரயில்வே ஆப்பீஸில் கிளார்க்காக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் துரைசிங்கத்தின் மகன் லண்டனில் படிக்கிறான். அங்கே பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பேய் வேட்டை விளையாட்டு ஒன்றின் புத்தகத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தான். பாதிப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் விதிகள் விளங்கவில்லை. அதனால் என்ன? துரைசிங்கமும் சீனியும் லாரி ஓட்டுநர் உடையப்பனும் சேர்ந்து தாங்களாகவே விதி போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு மத்தியானம், உடையப்பன் வீட்டு மேசை, ஒரு பகடை, மூன்று கோப்பை கோப்பி.

ஒருவர் பேய்க்காரர். பேயின் கதையை அவர் சொல்வார். மற்றவர்கள் வேட்டைக்காரர்கள். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். ஆறு விழுந்தால் பேய் பயப்படும். ஒன்று விழுந்தால் வேட்டைக்காரனின் கைலி அவிழும். முக்கியமான விதி ஒன்றே ஒன்று. யார் எதைச் சொன்னாலும் ‘இல்லை’ என்று மறுக்கக் கூடாது. “ஆமா, அப்புறம்?” என்று கேட்டுக் கதையை வளர்க்க வேண்டும்.

அன்றைக்குச் சீனி பேய்க்காரன்.

“பேயோட பேரு கனகரத்தினம். வேல, கிராணி” என்றான்.

துரைசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் காணும், பேயிலையும் கிராணி எங்கட ஆள்தானோ?”

“உசிரோட இருக்கயில கிராணி வேல பூரா உங்க ஆளுங்கதானே பாத்தாங்க. செத்தா மட்டும் எங்களுக்குக் குடுத்துருவீங்களா?”

துரைசிங்கத்தால் மறுக்க முடியவில்லை. விதியும் அப்படி, சரித்திரமும் அப்படி. “ஆமா, அப்புறம்?” என்றார்.

அப்புறம் கிராணி பால் தொட்டியில் விழுந்தார். பேர் கூப்பிட்டார். ‘லீவு’ என்ற சொல்லைக் கேட்டால் ஆவேசமானார். யூனியன்காரரைக் கண்டால் மட்டும் நடுங்கினார். யார் மேலாவது கோபம் வந்தால் கழுத்தைப் பிடித்தார். உடையப்பனுக்கு மூன்று முறை கைலி அவிழ்ந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கோப்பி கொண்டுவந்த உடையப்பன் மனைவி வீரம்மா பாதியைக் கேட்டாள். சிரிப்பு இருந்த பாதியை விட்டுவிட்டு, பேய் இருந்த பாதியை மட்டும் தண்ணீர் பிடிக்கும் பைப்படிக்குக் கொண்டுபோனாள். செவ்வாய்க்கிழமைக்குள் கிராணியைக் கண்ணால் கண்டவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குக் கண் சரியாகத் தெரியாது.

இதுவரை கதை சிரிப்புத்தான். ஆனால் சீனியின் அக்கா நல்லம்மாளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. ஒரு வருஷமாக வளர்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் பாகான் சாமி தோட்டத்துக்குள் கால் வைத்தார். வீரம்மா வீட்டில் ஒரு கோப்பி குடித்தார். நேராக நல்லம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து, அவள் கழுத்தைப் பார்த்து, “கிராணி புடிச்சிருக்கான்!” என்றார்.

கூட்டத்துக்குப் புல்லரித்தது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு ஏறியது. நாற்பத்தெட்டு நாள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, கத்தி பட்டால் பேய் வீடு பூராவும் பரவும் என்று உத்தரவானது. நல்லம்மாளின் புருஷன் ராமையா, மரம் வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர், ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டான்.

சீனி ஓடிப் போய் உண்மையைச் சொன்னான். “மச்சான், அது சும்மா வெளையாட்டுலா! அந்தக் கிராணிய நாந்தான் கட்டிவிட்டேன். அப்படி ஒரு ஆளே கெடையாது!”

ராமையா பரிதாபமாக அவனைப் பார்த்தான். “நீ கட்டுனன்னு நெனைக்கிற. அவருதான் ஒன் வாயில உக்காந்து சொல்ல வெச்சிருக்காரு.”

துரைசிங்கம் தோட்டத்து ஆட்களின் பேர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். “இதில எந்த வருசத்திலயும் கனகரத்தினம் எண்டொரு ஆள் இல்லை.”

“கிராணிதானே பேர எழுதுறவரு? சாகுறதுக்கு முந்தி அடிச்சிட்டுப் போயிருப்பாரு” என்றாள் வீரம்மா.

“சாமி மேல வந்து அவர் கதைக்கிற தமிழ் எங்கட ஊர்த் தமிழே இல்லை!” என்றார் அவர்.

“பால் தொட்டியில விழுந்தவருக்கு நாக்கு ஒட்டிக்காதா ஐயா?”

துரைசிங்கம் புத்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு பொய்க்கு ஆயிரம் பேர் முட்டுக் கொடுத்தால் உண்மை என்ன செய்யும்? பஸ் ஏறிப் போய்விடும்.

நல்லம்மாள் மட்டும் அடுப்படியில் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். “எனக்குக் கஞ்சி கூட எறங்க மாட்டேங்குதுடா சீனி. பேயோ நோயோ, எடுத்துட்டாப் போதும். படுத்தா மூச்சு முட்டுது. பயமா இருக்கு.”  சீனி சிரிப்பதற்காகப் பெற்ற பேய் அவன் அக்காவின் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு ஞாயிறு கூட்டத்தில் நின்று அவன் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று புரிந்தது. சாமி எதையும் முதலில் சொல்வதில்லை. “கெழக்கால வீட்டுக்காரி செய்வினையா சாமி?” என்று கேட்டால் ஆமாம். “மூணு மாசமா இருக்குமா சாமி?” என்றால் அதற்கும் ஆமாம். பேயின் ஊரைச் சொன்னது ஒருத்தி, உடுப்பைச் சொன்னது இன்னொருத்தி. சாமி வெறுமனே கண்ணை உருட்டித் தலையாட்டினார். சீனிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த ஆள் ஆடுவதும் அதே விளையாட்டுத்தான். மேசையும் பகடையும் இல்லை, அவ்வளவுதான். சுற்றி இருப்பவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியாது. சரி, ஆடிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

மூன்றாவது ஞாயிறு. விடிந்தால் திங்கள், அதற்கு மறுநாள் ஆப்பரேஷன். நல்லம்மாளை மஞ்சள் துணி உடுத்தி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். உடுக்கை முழங்கியது. சாமி ஒரு தேங்காயை உருட்டினார், உடம்பை முறுக்கினார், கிராணி வந்து இறங்கினார்.

“எவன்டா அது பெரட்டுக்கு லேட்டு?”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சீனி முன்னால் போய்க் கைகட்டி நின்றான்.

“நாந்தாங்க ஐயா. ஒண்ணு கேக்கலாமுங்களா? நீங்க செத்த அன்னைக்கு நல்ல மழைங்களா?”

“ஆமா! அடைமழை!”

“விடியக்காலைலேருந்தே கொட்டுச்சு. அப்படியும் நீங்க எல்லாத்தையும் பால் வெட்ட அனுப்பிட்டீங்க.”

“ஆமாடா! மழையாவது மண்ணாவது! வெட்டுங்கடான்னேன். நாப்பது பேரும் நனைஞ்சுகிட்டே வெட்டுனானுங்க!”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராக்காயி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். முப்பது வருஷம் மரம் வெட்டிய கை அவளுடையது. மழை பெய்தால் பெரட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டு வழியாக வராமல் மரம் பூராவும் வழிந்து வீணாகும், மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிற்கும். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

“மழையிலயா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

சீனி விடவில்லை. “அப்புறம் ஐயா?”

சாமி கூட்டத்தைப் பார்த்தார். வழக்கமாக யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு எல்லார் வாயும் மூடியிருந்தது. தானாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

“அப்புறமா... மரத்து உச்சியில ஏறி வெட்டிகிட்டிருந்த ஒருத்தன் கால் வழுக்கி, நேரா என் தல மேல விழுந்தான்! நான் போய்ப் பால் தொட்டியில விழுந்தேன்!”

 பாவம், மனிதர் பாகான் டத்தோ தென்னந்தோப்பிலேயே பிறந்து, வளர்ந்து, பொய் சொல்லிப் பழகியவர். மரம் என்றால் சரக்கு உச்சியில்தான் இருக்கும் என்பது அவர் அறிவு.

ராக்காயி எழுந்து நின்றாள். “ரப்பர் மரத்து உச்சியில அவனுக்கு என்னய்யா வேல? தேங்கா பறிச்சானா?”

சிரிப்பு வெடித்தது. தாப்பா குடும்பம் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன்தான். ராமையா முகம் சிவந்து முன்னால் வந்தான்.

“நனைஞ்ச மரத்துல கத்தி வெச்சா பட்ட அழுகிப் போயிரும்யா! அந்த மரம் அப்புறம் எதுக்கு ஆவும்? இருவது வருசக் கிராணிக்கு இது தெரியாதா?”

“பேய்... பேய் உங்களக் கொழப்புது!” என்றார் சாமி.

“எங்கள ஒண்ணும் கொழப்பல. மங்கு எங்க கட்டுவாங்க, அதச் சொல்லு பாப்போம்” என்றாள் ராக்காயி.

சாமி அண்ணாந்து பார்த்தார். அது போதும். நின்றபடி பால் வெட்டி இடுப்பு உயரத்தில் மங்கு கட்டிய நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“யோவ், இந்தக் கிராணி கத ஒனக்கு எப்படித் தெரியும்? உண்மையச் சொல்லிட்டுப் போ” என்றான் சீனி.

கிராணி சட்டென்று இறங்கிவிட்டார். சாமியின் குரல் ஒடுங்கியது. “நான் எதையும் சொல்லலப்பா. அந்தக் கோப்பி குடுத்த அம்மா சொன்னாங்க. மத்ததெல்லாம் இவங்களே சொன்னாங்க. நான் ஆமான்னேன், அவ்வளவுதான்.”

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். தேங்காயைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். செத்தவன் திரும்பி வருவான் என்பதை நம்பிய கூட்டம் அது. பேர் கூப்பிடுவான், கழுத்தைப் பிடிப்பான் என்பதையும் நம்பியது. மழையில் மரம் வெட்டினார்கள் என்பதை மட்டும் அதனால் நம்ப முடியவில்லை.

நல்லம்மாள் கழுத்துக் கயிற்றை அவளே அறுத்தாள். வீட்டுக்குப் போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சீட்டை எடுத்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் தம்பியோடு ஏறினாள். ராமையா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

கட்டியை எடுத்தார்கள். அதற்குள் கிராணி இல்லை.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டில் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ராக்காயி, தான் கேட்ட கேள்வியை நர்சிடம் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராமையா பட்டை அழுகுவதைப் பற்றிப் பக்கத்துக் கட்டில்காரிக்கு விளக்கினான். வீரம்மா ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுக் குனிந்து, “கட்டி எத்தன கிராமுன்னு டாக்டர் சொன்னாரா நல்லம்மா? நம்பர் எழுதலாம்லா” என்றாள்.

நல்லம்மாள் கழுத்தில் சுற்றியிருந்த கட்டின் மேல் கை வைத்தாள். மூன்று நாளாகப் பேசாத குரல், கரகரத்து வந்தது.

“மரத்துப் பட்ட அழுகிருமேன்னு ஆளாளுக்கு எந்திரிச்சுக் கேள்வி கேட்டீங்க. மூணு வாரம் என் கழுத்துல கயித்தக் கட்டி உக்கார வெச்சிருந்தப்ப, செத்தவன் எப்படிடா கழுத்தப் புடிப்பான்னு உங்கள்ல ஒருத்தருக்காவது கேக்கத் தோணுச்சா? நான் ரப்பர் மரமாப் பொறந்திருந்தாலாவது கேட்டிருப்பீங்க.”