பெண் பார்க்க வந்த அன்று திறந்த ஷெல்

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி முனியம்மா. மகள் செல்வி, அவளைத்தான் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை முருகேசன். அவருடைய அப்பா. அம்மா. தாய்மாமன். அப்புறம் சென்னையிலிருந்து போனில் என் அண்ணன் மகன் கண்ணன். (போனில் இருந்தவனை ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். எல்லாம் அவனால்தான்.)

வந்தவர்கள் காரியாபட்டி விவசாயக் குடும்பம். நாங்கள் திருத்தங்கல். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் எனக்குக் கட்டிங் மெஷினில் வேலை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எங்கள் பக்கம் என்றாலே பயம். உட்கார்ந்ததும் கேட்டார்.

"வீட்டுல வெடிச் சாமான் எதுவும் வச்சிருக்கீகளா?"

"ஒரு மத்தாப்புக் குச்சி கிடையாது" என்றேன்.

நிஜம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். செல்வி பள்ளிக்கூடத்தில் மயில் வேஷம் கட்டி ஆடிய போட்டோ இருந்தது, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில். பழைய லேப்டாப். வேகமாக ஓடட்டும் என்று கண்ணன் அதில் லினக்ஸ் போட்டிருந்தான். (ஏதோ டானிக் என்று நினைத்தேன்.) போட்டோவைத் திறந்து வைத்துவிட்டு செல்வி அடுப்படிக்குப் போனாள். பொத்தான்களில் தூசி. துண்டால் அழுத்தித் துடைத்தேன்.

படம் போய்விட்டது. திரை முழுக்கக் கருப்பு. மேலே வெள்ளையில் ஏதோ இங்கிலீஷ்.

வந்தவர்கள் முன்னால் முழிக்க முடியாது. லேப்டாப்பை உள் அறைக்குத் தூக்கிப்போய்க் கண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு கையும் வேண்டும், அதனால் ஸ்பீக்கரில் வைத்தேன். கூடத்தில் இருந்தவர்களுக்குத் திரை தெரியாது. பேச்சு மட்டும் கேட்டது.

"சித்தப்பா, அது பேரு கேக்குது. செல்வி பேரை அடிங்க. பாஸ்வேர்டும் அதேதான்."

"அடிக்கேன். ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாது. மறைச்சுத்தான் வச்சிருக்கும். பயப்படாம அடிங்க."

கூடத்தில் பேச்சு நின்றது.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒரு கோடு மினுங்குது."

"மினுங்குதா? அப்பச் சரி. ஷெல்லு திறந்திருச்சு. ஒரு வரி சொல்றேன், அடிச்ச உடனே கிளம்பிரும்."

கம்ப்யூட்டர்காரர்களுக்கு அந்தக் கருப்புத் திரை ஷெல். எங்கள் பக்கம் ஷெல் என்றால் வானத்தில் போய் விரிகிற உருண்டை வெடி. தாய்மாமன் தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போடுகிறவர். அவருக்கு இரண்டாவதுதான் தெரியும்.

"ஏலே, ஓடுங்கலே. உள்ள ஷெல்லு வச்சிருக்காக."

எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் ஏன் என்று கேட்பதில்லை. நானும் ஓடினேன். காரியாபட்டிக்காரர்களைத் தாண்டி ஓடினேன். தெருமுனை வேப்பமரத்தடியில்தான் நின்றோம்.

"எங்கன இருக்கு ஷெல்லு?" என்று நான் தாய்மாமனைக் கேட்டேன்.

"உங்க வீட்டுலதான்."

"எங்க வீட்டுலயா?"

"நீருதானய்யா உள்ள வச்சுப் பத்தவச்சுக்கிட்டு இருந்தீரு."

மாப்பிள்ளையின் அம்மா செருப்பு இல்லாமல் நின்றார். "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "எம்மவன் எங்க?"

முருகேசன் வரவில்லை. செல்வியும் முனியம்மாவும் வரவில்லை. அவர்கள் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

திரும்பிப் போனோம். முருகேசன் போட்ட பாயிலேயே உட்கார்ந்திருந்தார். செல்வி லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டு வந்திருந்தாள். போன் இன்னும் "சித்தப்பா, சித்தப்பா" என்றது.

"அண்ணே, கருப்புத் திரை ஆறு இருக்கு, ஏழாவதுதான் படம்னு நீங்கதான சொன்னீக. அப்பா துண்டு பட்டு மாறியிருக்கும்" என்றாள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் ஏழு, மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள். மயில் வந்தது.

"அட, அம்புட்டுத்தானா. நான் படமே செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றான் கண்ணன்.

"நீ ஏன்டா ஓடலை?" என்று மகனைக் கேட்டார் அம்மா.

"காலு மரத்துப்போச்சும்மா."

(செல்வியைப் பார்க்கத்தான் இருந்தேன் என்று இப்போது சொல்கிறார் மாப்பிள்ளை. கால்தான் என்கிறாள் செல்வி.)

அம்மா கொஞ்ச நேரம் மயிலைப் பார்த்தார். "அப்பன் ஓடிட்டாரு. பொம்பளைப் பிள்ளை நின்னுச்சு. பிள்ளை போதும் எனக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு வந்த கண்ணன் லேப்டாப்பைத் திருத்தினான். கருப்புத் திரை ஐந்தை அடைத்தான். ஒன்றை மட்டும், "ஆபத்துக்கு வேணும் சித்தப்பா" என்று விட்டுவைத்தான். போட்டவுடன் பேர் கேட்காமல் நேரே படம் வரும்படி செய்தான். செல்வி அதைக் காரியாபட்டிக்குக் கொண்டுபோய்விட்டாள். எங்கள் வீட்டில் அது இருந்த மேசை மட்டும் இருக்கிறது. சில சாயங்காலம் சும்மா அதைத் துடைப்பேன். "பாத்துத் துடைங்க. ஓட வேண்டியதாயிரும்" என்பாள் முனியம்மா. அவளை விட்டுவிட்டு ஓடியதை இன்னும் மறக்கவில்லை.

தாய்மாமன் இப்போதும் எங்கள் வாசலில் நின்று, "உள்ள ஷெல்லு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

சம்பந்தியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். போன வாரம் போயிருந்தேன். லேப்டாப்பில் படம் மறைந்துவிட்டது. முருகேசன் முழித்தார். அந்தம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஏழு."