ஓடட்டும், அப்புறம் விலை பேசலாம்

பின் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி எழுந்திருக்க மாட்டேன் என்றது. காரை விலைக்குக் கேட்க வந்த ரத்தினவேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதனிடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கையில் ஒரு கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

"அது கெடக்கட்டும் சார், நீங்க முன்னாடி வந்து பாருங்க," என்றார் வண்டிக்குச் சொந்தக்காரரான நாராயணப்பன்.

முன்னால் வந்து பார்த்ததும் கோழியும் மறந்தது, கொத்தும் மறந்தது. ஸ்டூடிபேக்கர்! ஐம்பதாம் வருஷத்து அமெரிக்க வண்டி. மூஞ்சிக்கு நடுவில் விமானத்துக்கு இருப்பதுபோல உருண்டையாக ஒரு மூக்கு. கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், பட்டுப்புழுக் கொட்டகையின் ஓரமாக, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இப்படி ஒன்று நிற்கும் என்று யார் கண்டது? நாராயணப்பனின் அப்பா பெங்களூரில் ஏதோ ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கியதாம். போனில் விளம்பரத்தைப் பார்த்தபோதே ரத்தினவேலுக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி இப்போது போனது.

ரத்தினவேல் அருப்புக்கோட்டைக்காரர். ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் சூப்பர்வைசர். இரும்பில் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். வீட்டுக் குழாய் ஒழுகினால் மட்டும் பிளம்பரைக் கூப்பிடச் சொல்வார். மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும் என்று மனைவி தமிழ்செல்வி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் பேங்கில் இருந்தது. அமெரிக்க மூக்கு நேராக அதில் வந்து இடித்தது.

"யானையக் கட்டித் தீனி போடுற வேலை," என்றாள் தமிழ்செல்வி. ஆனாலும் புருஷன் முகம் தொங்கிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு வழி விட்டாள். "நான் ஏறி உக்காருவேன். யாரும் எறங்கித் தள்ளாம அது ஓடணும். ஓடுச்சுன்னா வாங்குங்க. இல்லேன்னா மாடி ரூமு."

நாராயணப்பனும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். விலை என்ன என்று கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓடாத வண்டிக்கு வெல சொன்னா பாவம் சார். ஓடட்டும், அப்பறம் பேசலாம்."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷரா என்று ரத்தினவேல் உருகிப்போனார். வண்டியைச் சுற்றி வந்தபோது இன்னும் உருகினார். நாலு டயரும் தேயவே இல்லை. ரேடியேட்டரும் புதுசுபோல இருந்தது. நிற்கிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. நம் நேரம் நல்ல நேரம் என்று மட்டும் தோன்றியது.

நின்று நின்றே கெட்டுப்போயிருந்த பெட்ரோல் பம்பை முதலில் கழற்றினார். அதற்கு ஸ்பேர் வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். வரட்டுமே, அதுவரைக்கும் ஓசூரில் லேத்துக்கா பஞ்சம்? தெரிந்த பட்டறையில் தானே நின்று கடைந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பொருத்தினார். புது பேட்டரியும் வைத்தார். வண்டி ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பிவிட்டது. கிளம்பியதில் ஒரு குறையும் இல்லை, நிற்கத்தான் மாட்டேன் என்றது. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல இருந்தது. கடைசியில் நாராயணப்பனின் கேழ்வரகுப் போரில் மூக்கைச் சொருகிக்கொண்டு நின்றது.

நாராயணப்பன் கோபப்படவே இல்லை. ஓடிவிட்டது, இனி நின்றால் போதும் என்று சமாதானம் சொல்லி, களியும் கோழிக் குழம்பும் போட்டு அனுப்பினார்.

பிரேக்குக்கு இன்னும் இரண்டு ஞாயிறு போனது. ரத்தினவேல் அடியில் படுத்துத் தட்டிய தட்டில் எந்த ஒயர் எதோடு உரசியதோ, பிரேக் பிடித்த மறு நிமிஷம் ஹாரன் தானாகப் பிளிற ஆரம்பித்தது. கைக்கு வந்த ஒயரைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை, அடித்தாலும் நிற்கவில்லை. கறவை மாடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குள் பாய்ந்தன. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தேன்கனிக்கோட்டைக் காட்டு யானைதான் இறங்கிவிட்டது என்று பட்டாசைக் கொளுத்திப் போட்டார்கள். அந்த வெடிச் சத்தத்தில்தான் கோழிக்கு ரோஷம் வந்தது. பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்தது.

இந்தக் கூத்தை நேரில் பார்த்துப் புருஷனைக் கையோடு இழுத்துப் போகலாம் என்றுதான் அன்றைக்குத் தமிழ்செல்வி வந்திருந்தாள். வந்த இடத்தில் நாராயணப்பனின் மனைவி லட்சுமியம்மாள் கீரை மசியல் போட்டுப் பேச்சுக் கொடுத்தாள். பேசிக்கொண்டே கோழி இறங்கிப்போன சீட்டைப் பார்த்தார்கள். கிழிந்து, ஸ்பிரிங் எல்லாம் எட்டிப் பார்த்தது. தமிழ்செல்வி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவள், கண்ணில் கிழிசல் பட்டால் விடுவாளா? அடுத்த வாரம் அரக்குக் கலர் ரெக்சினில் உறை தைத்து அவளே கொண்டுவந்தாள். ரத்தினவேல் மூச்சு விடவில்லை. ஏதாவது கேட்டுவைத்து, பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில் யார் கெடுத்துக்கொள்வார்கள்?

ஒயர்களையும் மாற்றி முடித்த அன்று நாராயணப்பன் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார். கடைசிப் பெண் சுமலதாவுக்குக் கல்யாணம் என்றார்.

"நீங்களே ஓட்டுங்க சார். அம்மாவ முன்னாடி உக்கார வெய்யுங்க. கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் வந்தா அம்மா பாத்தாப்பலயும் ஆச்சு, பொண்ணு மாப்ள வந்தாப்பலயும் ஆச்சு. சாப்ட்டு ஒக்காந்து வெல பேசிக்கலாம்."

முகூர்த்தத்தன்று ஸ்டூடிபேக்கர் கழுவித் துடைத்து, மூக்கில் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றது. ரத்தினவேல் பட்டு வேட்டியில் ஸ்டியரிங் பிடித்தார். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும், பக்கத்தில் தமிழ்செல்வி. கெலமங்கலம் கடைவீதியே வாசலுக்கு வந்துவிட்டது. பஸ்காரர்கூட ஒதுங்கி வழிவிட்டுப் போனை நீட்டிப் படம் பிடித்தார். வண்டி தும்மவில்லை, முக்கவில்லை. மண்டபத்து வாசலில் பூனைபோல வந்து நின்றது. யாரும் இறங்கித் தள்ளவில்லை.

தமிழ்செல்வி சீட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். "மாடி எங்க போயிறப் போகுது? வாங்கிருங்க."

ரத்தினவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே பந்தியில் உட்கார்ந்து, கேட்டு வாங்கி இரண்டு போளி சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர் தேன்கனிக்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கும் ஜெகதீஷ். அவர் ஜன்னல் வழியாக வண்டியையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினவேலுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வண்டியை வாங்கப் போகிறவர் தான்தான் என்றும், சாப்பிட்டு முடித்ததும் விலை பேசப் போகிறோம் என்றும் சொன்னார்.

ஜெகதீஷ் சாப்பிடுவதை நிறுத்தி, ரத்தினவேலை ஏற இறங்கப் பார்த்து, சொந்தக்காரரைக் கண்டுகொண்டதுபோல முகம் மலர்ந்தார்.

"நானும் வாங்கப் போறவன்தான் சார், மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு டயர் போட்டேன், அதோ பாயசம் வாங்கறாரே, அவரு ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு ரேடியேட்டர் போட்டாரு, நீங்க என்ன போட்டீங்க?"