பஸ் சுமை

பூமியைக் காப்பாற்றும் பெரும்பொறுப்பு, மலேசியாவின் செனாயில் உள்ள ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி ஹேமநாதனிடம் அவருடைய இடது காது வழியாக வந்து சேர்ந்தது. மிஷின் இரைச்சலுக்கு நடுவே முதலாளி காசிவிஸ்வநாதன் போனில் சொன்னது: "பசுமைக்கு ஒரு வழி பண்ணுங்க." ஹேமநாதன் காதில் விழுந்தது: "பஸ் சுமைக்கு ஒரு வழி பண்ணுங்க."

பண்ணினார். தம்போயிலிருந்து நாற்பத்து நான்கு பேரை ஏற்றிவந்த கம்பெனி பஸ் அந்த வாரமே நின்றது.

மறு மாதம் முதலாளி நேரில் வந்து, "பசுமை எப்படிப் போகுது?" என்று கேட்டபோதுதான் காது செய்த பிழை புரிந்தது. பிழையை ஒப்புக்கொள்வது சின்ன மனிதர்கள் வேலை. அதிகாரி குழு அமைப்பார். ஹேமநாதன் 'பசுமைப் பயணக் குழு' அமைத்தார்.

குழு பம்பரமாய்ச் சுழன்றது. வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தது. சைக்கிள் நிறுத்தக் கம்பி நட்டது. அதில் கேட்டைக் காக்கும் ஐயாசாமி தன் மழைக்கோட்டைக் காயப்போட்டார். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் இப்போது முப்பத்தொரு கார், மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். 'பயண வாய்ப்புகள் முப்பத்தொரு மடங்கு உயர்வு' என்று குழுவின் அறிக்கை பூரித்தது.

எந்த வண்டியும் வாய்க்காதவர் ஒருவர்தான்: பேக்கிங் பிரிவு வெள்ளையம்மா. இரண்டு டவுன் பஸ் மாறி, தினமும் தாமதமாக வந்தார். எச்சரிக்கைக் கடிதம் இரண்டு ஆயிற்று. மூன்றாவது கொடுத்தால் வேலை போய்விடும். அந்த மூன்றாவது, மறுசுழற்சித் தாளில், ஹேமநாதனின் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது.

பேனா நகர மாட்டேன் என்றது. வெள்ளையம்மாவைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கக்கா. இன்னிக்கும் ஏன் லேட்டு?"

"ரெண்டாவது பஸ் வரல சார்."

"சைக்கிள்ல வரலாமே? உடம்புக்கும் நல்லது."

"அலமாக்! ஹைவேல, லாரிக்கு நடுவுலயா? நீங்க வந்து காட்டுங்கலா சார், நானும் பின்னாலயே வர்றேன்."

ஹேமநாதன் இருமினார். அவர் வீடு நடக்கிற தூரம். கூரை போட்ட ஒரே பார்க்கிங்கில் அவர் கார் நின்றது. மேலே 'பசுமை அதிகாரிக்கு மட்டும்' என்ற பலகை.

பேச்சை மாற்ற, குழுவின் படிவத்தை எடுத்தார். "சரிக்கா, ஒரே ஒரு கேள்வி. பூமியைக் காப்பாத்துற மாதிரி நீங்க வேலைக்கு வரணும்னா, கம்பெனி என்ன செய்யணும்?"

வெள்ளையம்மா கடிதத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே காரைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா நாங்க நாப்பத்து நாலு பேரும் ஒரே வண்டியில பூமியைக் காப்பாத்திக்கிட்டுதான் சார் வந்தோம். நீங்கதான் நிறுத்திட்டீங்க."