சொசைட்டி மீட்டிங்கில் காணாமல் போன டெஸ்க்டாப்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. திலக் நகரில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறியவர்களிடம்கூட அதன் பெருமையை விளக்கியிருக்கிறேன் (பாவம், நடுவில் இறங்க வழியில்லை). முதல் பலி என் மனைவி சுதாவின் லேப்டாப்.

சுதா எங்கள் குடியிருப்போர் சங்கத்தின், அதாவது சொசைட்டியின், செக்ரட்டரி. கட்டடத்தின் தூண்களில் விரிசல். பெயின்ட் அடித்தால் போதும் என்று பாதிப் பேர் சாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக அவள் எடுத்த படங்களை அந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் டிவியில் காட்டி, எல்லோரிடமும் ரிப்பேருக்குச் சம்மதம் வாங்க வேண்டும். தவறினால் இன்னொரு மழைக்காலத்தை அந்தத் தூண்களை நம்பியே கழிக்க வேண்டும்.

மீட்டிங் அறை வாசலில் அவள் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஆர்வக் கோளாறில் லேப்டாப்பை டிவியோடு கேபிளில் இணைத்தேன். அவ்வளவுதான். லேப்டாப் திரையில் கீழ்ப்பட்டையைக் காணோம், ஐகான்களைக் காணோம். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறக்கும் விசைகளை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது முறை அழுத்தியிருப்பேன். டிவியில் ஏதோ ஹிந்தி சீரியலில் மாமியார் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

நிபுணன் மூளைக்கு எட்டியது ஒன்றுதான்: ரீசெட். ஜன்னலே தேவைப்படாத கறுப்புத் திரைக்குப் போய் ஒரே வரியில் அத்தனை அமைப்புகளையும் துடைத்தேன். சுதா பார்த்துப் பார்த்து வைத்திருந்த பெரிய எழுத்து, தமிழ் விசைப்பலகை, மகள் படம் போட்ட வால்பேப்பர், எல்லாம் போயிற்று. திரும்பி வந்தால் கீழ்ப்பட்டை மட்டும் வரவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

எல்லோரும் காக்கு (சித்தி) என்று கூப்பிடும் மூன்றாம் மாடி மராத்திக்கார அம்மாள் சீரியல் சத்தம் பொறுக்காமல் ரிமோட்டை எடுத்து இன்புட்டை மாற்றினார். டிவியில் கீழ்ப்பட்டை, ஐகான்கள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்தொன்பது டெர்மினல்கள். போன மீட்டிங்கில் சுதா டிவியை முதன்மைத் திரையாக வைத்திருந்தாளாம்; அது தனிக் கோப்பில் இருந்ததால் என் ரீசெட்டுக்குத் தப்பிவிட்டது. எல்லாம் ஒழுங்காக அங்கேதான் திறந்திருக்கின்றன.

"சப் இதர் ஹீ ஹை, பேட்டா (எல்லாம் இங்கேதான் இருக்கு, மகனே)," என்றார் காக்கு. அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சுதா வந்து கடுகளவு எழுத்தைப் பார்த்தாள். "ரீசெட் பண்ணிட்டேளா?"

பதினெட்டு டெர்மினல்களை மூடிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றில் ஒரு வரி தட்டினாள். எழுத்து பெரிதானது. விசைப்பலகை வந்தது. மகள் சிரித்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அமைப்புகளை ஒரு கோப்பில் சேமித்து வைக்கலாம் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன் நான். சேமித்தவள் அவள்.

"இதெல்லாம் எப்போ கத்துண்டே?"

"நீங்க இன்ஸ்டால் பண்ணின வாரமே. ஆத்துல நீங்க இருக்கேளே, கத்துக்காம முடியுமா?"

பிறகு தூண்களைக் காட்டினாள். ஜூனில் மயிரிழை, டிசம்பரில் விரல் நுழையும் பிளவு. பெயின்ட் கட்சி உட்பட எல்லாக் கைகளும் உயர்ந்தன. இருபது வருடம் கூடவே இருந்தவளை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வேறொன்றையும் பார்த்துவிட்டார்கள். அவள் சேமித்திருந்த கோப்பின் பெயர் டிவியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'அவர் தொட்ட பிறகு'.

இப்போது நான் மிக்ஸியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் எடுத்தாலே போதும், மகள் உள்ளிருந்து கேட்கிறாள்: "அம்மா, இதுக்கு ஃபைல் இருக்கா?"